ஸ்டியரிங் பிடித்துப் பாஸான மாலினி மேடம்

போன வாரம் ஒரு நாள் காலை, விழுப்புரம் பஸ் நிலையத்துக்கு எதிரே வழக்கமான இடத்தில் நானும் அன்வர் பாயும் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தோம். மாலினி மேடத்தின் வெள்ளைக் கார் வரவில்லை. மேடம் தாமதமாக வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. தாமதமாக வந்த எங்களை விட்டுவிட்டுப் போய்த்தான் பார்த்திருக்கிறோம். அதனால் என் செல்லில் அவர் பெயர் வந்ததும் குஷியாகிவிட்டேன். எடுத்த எடுப்பிலேயே, "இன்னா மேடம், இன்னிக்கி பாடத்துக்கு லீவா?" என்றேன்.

மறுமுனையில் பேசியது அவர் கணவர் ஸ்ரீபால் சார். "ஏழுமலை, இன்னிக்கி வண்டி வராதுப்பா. விடியறதுக்குள்ள போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றார். என் முகத்தைப் பார்த்தே அன்வர் பாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நடைபாதையில் உட்கார்ந்தார். விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு அருகே இதே காருக்காகக் காத்துக்கொண்டிருந்த சுமதிக்கு யார் சொல்வது என்று எங்களுக்குள் கொஞ்ச நேரம் தள்ளிவிட்டுக்கொண்டோம். கடைசியில் நான்தான் சொன்னேன்.

மேடத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டிவனத்துக்கு வெளியே இருக்கிற எங்கள் எண்ணெய் ஆலையின் நிதிப் பிரிவுத் தலைவர் அவர். ஹால் டிக்கெட்டில் ஜ்வாலாமாலினி. மற்ற இடங்களில் எல்லாம் மாலினி மேடம். செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம். நான் அதே ஆலையில் கொள்முதல் பிரிவு. மல்லாட்டை, அதாவது வெளியூர்க்காரர்கள் நிலக்கடலை என்று சொல்வது, மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதைப் பார்த்து வாங்குகிறவன். அன்வர் பாய் எண்ணெயைச் சோதிக்கும் ஆய்வகத்தில் கெமிஸ்ட். சுமதி டெஸ்பாட்ச் பிரிவு. நாங்கள் மூவரும் மேடத்தின் காரில் வருடக்கணக்கில் விழுப்புரம் திசையிலிருந்து திண்டிவனத்துக்குப் போய் வந்தவர்கள். இரங்கல் கட்டுரை என்றால் குரலைத் தாழ்த்தி எழுத வேண்டும் என்பார்கள். மேடத்தைப் பற்றி நினைத்தாலே எனக்குக் குரல் ஏறிவிடுகிறது, நான் என்ன செய்ய?

அவர் கார் வாங்கிய புதிதில் நாங்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மதியம் கேன்டீனில் எங்களைக் கூப்பிட்டார்.

"தெனம் நான் தனியாத்தான் ஓட்டிக்கினு வர்றேன். மூணு சீட்டு சும்மா கெடக்குது. வாங்க. ஆனா ஒரு கண்டிஷன். பாட்டு கேக்க முடியாது, ஊர்க்கதை பேச முடியாது. நான் போடறதக் கேட்டுக்கினே வரணும்."

ஓசியில் ஏசி காற்று. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? எதைப் போட்டாலும் கேட்கிறோம் என்று மூவரும் தலையாட்டினோம். ஏதோ பக்திச் சொற்பொழிவு என்று நினைத்தேன். மறுநாள் விக்கிரவாண்டியில் சுமதியையும் ஏற்றிக்கொண்டு வண்டி நகர்ந்ததும் ஸ்பீக்கரிலிருந்து ஒருவர் கம்பெனிச் சட்டத்தை ஆங்கிலத்தில், யாரோ துரத்துகிற வேகத்தில் ஒப்பிக்க ஆரம்பித்தார். அன்வர் பாய் என்னைப் பார்த்தார். நான் சுமதியைப் பார்த்தேன். சுமதி தூங்கிவிட்டிருந்தார்.

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, மேடம் சி.எம்.ஏ. என்கிற செலவுக் கணக்காளர் படிப்பின் இறுதித் தேர்வுக்குப் படிக்கிறார் என்று. கல்லூரி முடித்த கையோடு பதிவு செய்து, பாதிக் கிணறு தாண்டியிருந்தார். பிறகு கல்யாணம், பிள்ளை, மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனது, ஆலை வேலை. இறுதித் தேர்வில் ஒரு குரூப் முடித்து, இன்னொரு குரூப் பாக்கி. எங்கள் ஆலையில் நிதிப் பிரிவுத் தலைவர் நாற்காலிக்குச் சென்னையிலிருந்து யாராவது வருவார்கள். அவருக்கு மேடம் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுப்பார். கற்றுக்கொண்டதும் அவர் வேறு பெரிய கம்பெனிக்குப் போய்விடுவார். அடுத்தவர் வருவார், மறுபடி மேடம் முதலிலிருந்து சொல்லிக் கொடுப்பார். பழைய எம்.டி. ஒரு நாள் நேராகவே சொல்லிவிட்டார்: "நீங்க அந்த டிகிரிய முடிங்கம்மா. அந்தச் சீட்ல வேற யாரையும் உக்கார வைக்க மாட்டேன்." அதோடு பாடத்திட்டமும் மாறப்போகிறது என்று செய்தி வந்தது. இந்தத் தடவை விட்டால் புதுப் பேப்பர்கள் வந்து சேரும், வீட்டையும் வேலையையும் வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்க முடியாது. "இது ஒண்ணுதான் ஏழுமலை, எனக்குனு நான் ஆரம்பிச்சது. இதையும் பாதில விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்று ஒருமுறை கேட்டார். வீட்டில் உட்கார்ந்து படிக்க நேரம் கிடையாது. அவருக்கென்று இருந்த ஒரே நேரம், ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழிகிற காலையும் மாலையும்தான்.

அந்த வேகக்கார வாத்தியார் சில வாரம்தான் தாக்குப்பிடித்தார். "இந்தாளு எனக்குச் சொல்லித் தரல, அவரு பாட்டுக்குப் போய்க்கினு இருக்காரு" என்று மேடம் அவரை நிறுத்திவிட்டு, தானே பேசிப் பதிவு செய்ய ஆரம்பித்தார். வீட்டில் டிவி சத்தம். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரம் ரயில் நிலையத்து வாகன நிறுத்தத்தில் காரைப் போட்டுவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து செல்போனில் பாடம் சொன்னார். தமிழும் ஆங்கிலமும் கலந்த, நம் ஆட்கள் பேசுகிற மாதிரியே பாடம். அதில் ஒரு வேலை செய்தார். கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் சொல்ல இடைவெளி விடுவார். பிறகு பதில். பிறகு, "சரி. அடுத்தது." அந்த இடைவெளியில் அவர் ஓட்டிக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ஸ்டியரிங்கில் ஒரு தட்டு. வரவில்லை என்றால் பின்னாடி போட்டுத் திரும்பவும் கேட்பார்.

ஜன்னலைக் காற்றுக்காகக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்ததால் ரயில் நிலையமே பாடத்துக்குள் வந்துவிட்டது. கம்பெனிக் கணக்கை மேற்பார்க்கும் ஆடிட் கமிட்டி பற்றிய பாடம் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு கொய்யாக்கார அம்மா வருவார்.

"கொய்யா வேணுமாம்மா? மூணு எடுத்துக்க. ரெண்டு நல்ல பழம், ஒண்ணு செங்கா. உப்பு மொளகா போட்டுத் தரட்டா?"

"மொளகா வேணாம். நான் படிச்சிக்கினு இருக்கேன்."

"வண்டில உக்காந்துக்கினு யாராண்ட படிக்கிற?"

மேடம் சிரிக்கிற சத்தம். அப்புறம் கடித்துத் தின்கிற சத்தம். வாயில் கொய்யாவோடே, "ஆடிட் கமிட்டியில குறைஞ்சது மூணு டைரக்டர். அதுல பெரும்பான்மை இண்டிபெண்டன்ட்." மூன்று டைரக்டருக்கு மூன்று கொய்யா, கம்பெனியைச் சாராத பெரும்பான்மைக்கு இரண்டு நல்ல பழம். இதை அழித்துவிட்டுச் சுத்தமாகப் பதிவு செய்யலாமே என்று நான் கேட்டேன். "ஐயோ, கொய்யா இல்லன்னா எனக்குக் கமிட்டியே மறந்துடும்" என்றார்.

பாடங்கள் எல்லாம் சாலையோடு ஒட்டிக்கொண்டன. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை வாசனை மூக்கில் ஏறும்போது சி.எஸ்.ஆர்., அதாவது லாபத்தில் ஒரு பங்கை ஊருக்குச் செலவழிக்கச் சொல்லும் நூற்று முப்பத்தைந்தாம் பிரிவு. விக்கிரவாண்டி டோலில் வரிசையில் நிற்கும்போது உற்பத்திச் செலவுக் கணக்கைத் தணிக்கை செய்யும் காஸ்ட் ஆடிட். சித்தணி தாண்டும்போது கொய்யாக்கார அம்மா. கூட்டேரிப்பட்டு சந்திப்பு வந்தால் மட்டும் ஸ்பீக்கரை நிறுத்திவிடுவார். அங்கே குறுக்கே வருகிற வண்டிகளுக்கு அளவே கிடையாது. "மொதல்ல ரோடு. அப்புறம்தான் பாடம். உசுரு இருந்தாத்தான் டிகிரி" என்பார். அதைத் தாண்டியபின் சொந்தக்காரர்களோடு கம்பெனி செய்யும் வியாபாரத்தைப் பற்றிய நூற்று எண்பத்தெட்டு. தினமும் இதே ரோடு, இதே வரிசை. சாயங்காலம் திரும்பும்போது வேறு பேப்பர்.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நாங்கள் அம்மியைவிடக் கனம், ஆனாலும் நகர்ந்தோம். என் பெரியப்பா மகன் ஒரு நாள் ஈரம் காயாத மல்லாட்டையை ஏற்றிக்கொண்டு வந்து, "நம்மாளுதானேடா, எடுத்துக்க" என்றான். நான் கையைக் கட்டிக்கொண்டு, "அண்ணா, இது நூத்தி எம்பத்தெட்டாவது செக்‌ஷன்ல வரும். போர்டு அப்ரூவல் வேணும்" என்றேன். உண்மையில் கொள்முதல் குமாஸ்தாவின் பெரியப்பா மகனுக்கும் அந்தச் சட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அண்ணன் லோடோடு திரும்பிப் போனான், ஒரு பொங்கல் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காரில் இதைச் சொன்னதும் மேடம் சாலை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஏழுமலை சார், தப்பான செக்‌ஷன், ரைட்டான தீர்ப்பு" என்றார்.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். பொழுது சாய்ந்தபின் மேடம் சாப்பிட மாட்டார். அவர்கள் வீட்டு வழக்கம் அது, கார்த்திகை மார்கழி ஆனாலும் மாறாது. ஆலை முடிந்து கிளம்பினால் வீடு போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே சாலையோரம் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்துவார். முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை, வெங்காயம் இல்லாமல். எங்களுக்கும் சேர்த்தே கட்டிக்கொண்டு வருவார். அந்த நேரத்தில் மட்டும் ஊர்க்கதை பேச அனுமதி. அன்வர் பாய் முதலில் சங்கடப்பட்டு, தன் டிபன் பாக்ஸை டிக்கியில் மறைத்து வைத்தார். மேடம் கேட்டார், "ஏன் பாய், உங்க சோறு மட்டும் டிக்கில போவுது? அதுக்கு சீட்டு இல்லியா?" அன்றிலிருந்து அதுவும் முன்னால் வந்தது.

தேர்வு புதுச்சேரியில். மார்கழிக் குளிரில் சட்டப் பேப்பர் அன்று நாங்கள் மூவரும் லீவு போட்டோம். மூவருமே காய்ச்சல் என்று சொல்லிவிட்டோம் என்பது பிறகுதான் தெரிந்தது. தேர்வு மதியம்தான், காலையிலேயே கிளம்பினோம். பெரிய தியாகம் செய்கிற நினைப்பில் நான் சாவியைக் கேட்டு வாங்கினேன். "மேடம், நீங்க இன்னிக்கி ஓட்டக் கூடாது. பக்கத்து சீட்ல ஜம்முனு உக்காந்து படிச்சிக்கினு வாங்க. நான் ஓட்டறேன்." அன்வர் பாயும் சுமதியும் அதைப் பிரமாதமான யோசனை என்றார்கள். உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான் செய்யக்கூடிய தப்பு அது.

வளவனூர் நெருங்கும்போது மேடம் திடீரென்று, "சுமதி, ஒரு கேள்வி கேளு" என்றார்.

"சி.எஸ்.ஆர். எந்த செக்‌ஷன் மேடம்?"

ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தேன். மேடத்தின் கைகள் மடியில் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தன.

"காஸ்ட் ஆடிட் கேளு."

சுமதி கேட்டார். காஸ்ட் ஆடிட்டும் வரவில்லை. ஆடிட் கமிட்டியும் வரவில்லை. கொய்யாகூட வரவில்லை. மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. "சுத்தமா போச்சு. எல்லாம் போச்சு ஏழுமலை. ஒண்ணுமே வர மாட்டேங்குது" என்றார். அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதே இல்லை. அத்தனை வருடம், அத்தனை ஞாயிற்றுக்கிழமை, ஒரு நல்ல மனசு பண்ணின வேலையால் பாழாகப் போகிறதா?

கண்டுபிடித்தது அன்வர் பாய்தான். பின்சீட்டிலிருந்து கத்தினார், "அரே! அவங்க உக்காந்து படிக்கலியே சார், ஓட்டிக்கினு இல்ல படிச்சாங்க! எறங்குங்க, ஜல்தி!"

ஓரங்கட்டினேன். இடம் மாறினோம். மேடம் ஸ்டியரிங்கைப் பிடித்தார், கிளட்சை மிதித்தார், கியரைப் போட்டார். சுமதி மறுபடி கேட்டார். பாதிதான் வந்தது. மேடம் எதிரே இருந்த ரோட்டைப் பார்த்தார். "ரோடும் வேற" என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அப்படியே வண்டியைத் திருப்பினார்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி நேர் கிழக்கே இருக்கிறது. நாங்கள் போனது விழுப்புரத்துக்கே திரும்பி வந்து, வடக்கே திண்டிவனம் ஏறி, அங்கிருந்து மறுபடி இறங்கிப் புதுச்சேரி. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. ஆனால் முண்டியம்பாக்கம் சர்க்கரை வாசனை வந்ததோ இல்லையோ, மேடம் ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். "நூத்தி முப்பத்தஞ்சு! நிகர மதிப்பு, விற்பனை, லாபம், மூணுல ஒண்ணு எல்லையத் தாண்டுனாப் போதும்!"

நாங்கள் மூவரும் காருக்குள் விசில் அடித்தோம். ஸ்பீக்கரைப் போடவே இல்லை. டோலில் சுமதி கேள்வி கேட்க, மேடம் பதில் சொல்ல, சித்தணியில் நான் கொய்யாக்கார அம்மாவாக மாறி, "மூணு எடுத்துக்க, ரெண்டு நல்ல பழம்" என்று கத்த, அன்வர் பாய் கமிட்டியின் அதிகாரங்களை ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னார். ஆய்வகத்தில் எண்ணெயின் நிறம் பார்க்கிற மனுஷன்! இடைவெளி விட வேண்டிய இடங்களில் நாங்களே விட்டோம். மேடத்துக்கு எங்காவது நாக்கு தட்டினால் எங்கள் மூவர் குரலும் கிளம்பியது. எத்தனை நாள் சலித்துக்கொண்டு, தூங்கி வழிந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்ட பாடம் எங்களுக்குள்ளே இப்படி உட்கார்ந்திருக்கும் என்று எங்களுக்கே தெரியாது. கூட்டேரிப்பட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். தாண்டியதும் மறுபடி ஆரம்பித்தோம். என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு கார்ப் பயணம் நான் போனதில்லை.

மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் தேர்வு மையத்தின் வாசலில் இறங்கினார். அப்போதுதான் எனக்கு அடுத்த பயம் வந்தது. "மேடம், உள்ள ஸ்டியரிங் இருக்காதே?"

"பெஞ்சு இருக்கும் இல்ல?" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

சாயங்காலம் வெளியே வந்தவர் முதலில் சூரியனைத்தான் பார்த்தார். ஊர் எல்லை தாண்டியதும் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, அவசர அவசரமாக அடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். முதல் கேள்வியிலேயே மறுபடி எல்லாம் நின்றுவிட்டதாம். பெஞ்சுக்கு அடியில் இடது காலால் ஒரு மிதி, வலது காலால் ஒரு மிதி, கையால் காற்றில் ஒரு கியர். வண்டி நகர்ந்துவிட்டது. முண்டியம்பாக்கம் வந்தது, டோல் வந்தது. கால் ஆடுவதைப் பார்த்து மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாராம்.

"நான் நிமிந்தே பாக்கல. 'ஒண்ணும் இல்ல சார், விக்கிரவாண்டில டிராஃபிக்'னுட்டேன்."

அன்வர் பாய்க்குப் புரையேறிவிட்டது.

முடிவு வெளியான நாளும் காரில்தான். ஆலையில் மேடம் யாரையும் பார்க்கவிடவில்லை. வீடு திரும்பும்போது சுமதி பின்சீட்டில் செல்லை வைத்துக்கொண்டு, "மேடம், வந்திடுச்சி" என்றார். "சொல்லாத. கூட்டேரிப்பட்டு தாண்டட்டும்" என்றார் மேடம். நான் திரும்பிச் சுமதியின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் சந்தோஷம் அடக்க முடியாமல் ததும்பிக்கொண்டிருந்தது. சந்திப்பைத் தாண்டினோம். "இப்ப சொல்லு." சுமதி மேடத்தின் தோளைப் பிடித்து உலுக்கினார். மேடம் வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அப்புறம் நிமிர்ந்து ஹாரனை அழுத்தினார் பாருங்கள், வயலில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் எல்லாம் மிரண்டு திரும்பின. அழுதோம், சிரித்தோம், ஸ்ரீபால் சாருக்குப் போன் போட்டோம், எம்.டி.க்குப் போட்டோம். யாரோ வெளியே பார்த்தபோதுதான் தெரிந்தது, பொழுது போய்விட்டது. அடை பிரிக்கப்படாமலே பையில் இருந்தது.

"மேடம், சாப்பாடு!" என்றேன்.

"போவட்டும். இன்னிக்கி வயிறு நெறஞ்சி போச்சு" என்றார். நான் அறிந்து அவர் சாயங்காலச் சாப்பாட்டைத் தவறவிட்டது அந்த ஒரு நாள்தான்.

எம்.டி. சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மூன்று பேருக்கும் ஒரே நாளில் எப்படிக் காய்ச்சல் வந்தது என்று மட்டும் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார். மேடம்தான் குறுக்கே புகுந்து காப்பாற்றினார். புது அறையில், சுழல் நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். சக்கரம் வைத்த நாற்காலி. மேடம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இதுல கிளட்ச் இல்லியே" என்றார். அந்த நாற்காலிக்குப் பிறகு யாரும் சென்னையிலிருந்து வரவில்லை. கணக்குகளில் கையெழுத்துப் போடும்போது அவர் கால் மேஜைக்கு அடியில் லேசாக அசைவதை நானே பார்த்திருக்கிறேன். பெரிய பதவி வந்தபின் ஆலை வண்டி கொடுத்தும் வாங்கிக்கொள்ளவில்லை. "டிரைவர் போட்டா எனக்கு யோசனையே வராது" என்று தானே ஓட்டினார், நாங்களும் ஏறிக்கொண்டோம்.

பாடம் மட்டும் நிற்கவில்லை. மேடம் பாஸான மறுவாரம் கார் அமைதியாகப் போனது. எங்களுக்கு என்னவோ போலிருந்தது. அப்போது பின்சீட்டிலிருந்து, ஆரம்ப நாட்களில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிய அதே சுமதி, "மேடம், நான் பதிவு பண்ணிட்டேன். சி.எம்.ஏ. போடுங்க, முதல்லேர்ந்து" என்றார். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓடி வருகிற பெண். மேடம் ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டார். இப்போது சுமதி இறுதித் தேர்வு வரைக்கும் வந்துவிட்டார். சட்டப் பேப்பர் இன்னும் சில வாரத்தில்.

தினமும் மாலை எங்களை இறக்கிவிடும்போது மேடம் சொல்வது ஒரே வாசகம். "வர்றேன்" என்றோ "நாளைக்குப் பாக்கலாம்" என்றோ சொல்ல மாட்டார். "ரோட்டப் பாத்துப் போங்க" என்பார். சாலையைக் குறுக்கே கடந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல வார்த்தை வேறு ஏது?

அவர் போன அன்று மதியம் உடலை வெள்ளை அமரர் வண்டியில் ஏற்றினார்கள். செஞ்சிப் பக்கத்துச் சொந்த ஊரில், வெளிச்சம் இருக்கும்போதே எல்லாம் முடிய வேண்டும் என்று ஸ்ரீபால் சார் சொல்லியிருந்தார். வண்டி எங்கள் ரோட்டிலேயே போய், கூட்டேரிப்பட்டில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அன்வர் பாய் இரவல் வாங்கி வந்த காரை நான் ஓட்டினேன். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை வாசனை உள்ளே வந்தது. விக்கிரவாண்டியில் சுமதி ஏறிக்கொண்டார். அழுது முகம் வீங்கியிருந்தது. டோலைத் தாண்டியதும் என்னிடம் கேட்டார்.

"சார், போடட்டா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த நேரத்திலா என்று திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அன்வர் பாய் சொன்னார், "போடும்மா. இது சித்தணி ரோடு."

சுமதி செல்லை ஸ்பீக்கரில் இணைத்தார். முன்னால் அந்த வெள்ளை வண்டி போய்க்கொண்டிருந்தது. எங்கள் காருக்குள் விழுப்புரம் ரயில் நிலையம் வந்தது. கொய்யாக்கார அம்மா வந்தார். "வண்டில உக்காந்துக்கினு யாராண்ட படிக்கிற?" மேடம் சிரித்தார். அப்படியே உயிரோடு, வாய் நிறையக் கொய்யாவோடு சிரித்தார். எனக்கு எதிரே ரோடு கலங்கியது, துடைத்துக்கொண்டேன்.

"ஆடிட் கமிட்டியில குறைஞ்சது எத்தன பேரு?"

இடைவெளி. டயர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மூணு" என்றோம் மூவரும்.

"அதுல பெரும்பான்மை யாரு?"

"இண்டிபெண்டன்ட்." சுமதியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. கையால் முன்சீட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"சரி. அடுத்தது" என்றார் மேடம்.

கூட்டேரிப்பட்டு வந்துவிட்டது. யாரும் சொல்லாமலே சுமதி பாடத்தை நிறுத்தினார். குறுக்கே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. முன்னால் போன வெள்ளை வண்டி இடப்பக்க விளக்கைப் போட்டு, நின்று, வழி பார்த்து, மெதுவாகத் திரும்பியது.

ரோட்டப் பாத்துப் போங்க மேடம்.